இளமை சீரம், கொலாஜன் டப்பா, ஜிம் குப்பி: பெப்டைடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குள் பெப்டைடு மூன்று வழியாக வருகிறது. ஸ்கின் கிளினிக்கிலும் ஆன்லைனிலும் சீரமாக, மருந்துக்கடையில் கொலாஜன் பொடியாக, ஜிம் பக்கம் வெள்ளைத்தூள் அடைத்த சின்னக் குப்பியாக. பெயர் ஒன்றுதான். பின்னால் இருக்கும் ஆதாரம் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும்.

பெப்டைடு என்பது மருந்தா, சத்தா, அழகுப் பொருளா?

எதுவாகவும் இருக்கலாம். அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிக்கு பெப்டைடு என்று பெயர். சங்கிலி நீண்டுபோனால் புரதம் என்கிறோம். குளுட்டாதயோனில் 3 அமினோ அமிலங்கள், எடைக்குறைப்பு ஊசியான செமாகுளுடைடில் 31, இன்சுலினில் 51. "பெப்டைடு நல்லதா?" என்று கேட்பதும் "மாத்திரை நல்லதா?" என்று கேட்பதும் ஒன்று. எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு என்று தெரியாமல் பதில் கிடையாது.

"இன்சுலினும் பெப்டைடுதானே, இதுக்கு என்ன பயம்?" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள். இன்சுலின் 1922 முதல் மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டு, நூறாண்டுக்கும் மேலாகக் கணக்குப் பார்க்கப்பட்ட மருந்து. அதன் நற்பெயரைப் பக்கத்துக் குப்பிக்குக் கடன் வாங்க முடியாது.

"ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறார்களே, அதை எப்படிச் சோதிப்பது?

நான்கு விஷயம் கேளுங்கள். எதில் சோதித்தார்கள்: கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எந்த வழியில் கொடுத்தார்கள்? ஊசியில் கிடைத்த பலன் கிரீமில் கிடைக்க வேண்டும் என்பதில்லை. எதை அளந்தார்கள்: சுருக்கத்தின் ஆழமா, ரத்தத்தில் ஏதோ ஒரு எண்ணா, "சருமம் பொலிவாக இருந்தது" என்ற கருத்தா? கடைசியாக, பணம் யாருடையது?

சீரத்தில் வரும் பெப்டைடுகளில் எதற்காவது மனித ஆதாரம் உண்டா?

உண்டு, சிறிய அளவில். மாட்ரிக்ஸில் என்ற பெயரில் தெரியும் பால்மிட்டாயில் பென்டாபெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் வெளியான சோதனையில் 93 வெள்ளையினப் பெண்கள், வயது 35 முதல் 55. முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கலந்த கிரீம், மறுபாதியில் பெப்டைடு இல்லாத அதே கிரீம், 12 வாரம். கிரீமில் இருந்த பெப்டைடு பத்து லட்சத்தில் மூன்று பங்கு. மெல்லிய கோடுகள் பெப்டைடு பூசிய பக்கம் சற்று அதிகமாகக் குறைந்தன. ஒரே முகத்தில் இரண்டு பாதி என்பதால் வடிவமைப்பு நல்லது. ஆனால் செய்தது அழகுப் பொருள் நிறுவனமே. நம் தோல் நிறத்துக்கு, நம் வெயிலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நம்மூர்ப் பெண்களுக்குச் சுருக்கத்தைவிட மங்குதான் பெரிய கவலை. மங்கு குறைந்ததா என்று அந்தச் சோதனை பார்க்கவே இல்லை.

ஆர்ஜிரலின் "பூசும் போடாக்ஸ்" என்று விற்கப்படுகிறது. போடாக்ஸ் தாக்கும், நரம்பு முனையில் உள்ள எஸ்.என்.ஏ.பி-25 புரதத்தின் நுனியைப் போல இதை வடிவமைத்தார்கள், உண்மைதான். 2002இல் வந்த சோதனையில் 30 நாளில் சுருக்க ஆழம் 30% குறைந்தது என்றார்கள். அதில் பங்கெடுத்தவர்கள் 10 பெண்கள். போடாக்ஸை ஊசியால் தசைக்குள் நேராக வைக்கிறார்கள். இதுவோ தோலின் மேலடுக்கைத் தாண்டி, நரம்பு தசையைத் தொடும் இடம்வரை தானே போய்ச் சேர வேண்டும். 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் 2000 முதல் பேசப்படும் பொதுக்கணக்கு. ஆர்ஜிரலினின் எடை சுமார் 889.

மூன்றாவது, நீல நிறத்தில் வரும் ஜி.எச்.கே-காப்பர். 1973இல் லாரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது. செம்போடு சேர்ந்தாலும் எடை 400 டால்டன் அளவுதான், ஆகவே உள்ளே போகும் வாய்ப்பு மற்ற இரண்டைவிட அதிகம். செல் ஆய்விலும் விலங்குக் காயங்களிலும் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டியிருக்கிறது. முகச் சுருக்கத்துக்கான மனிதச் சோதனைகள் சிறியவை, குறுகியவை.

பாட்டிலில் 10% என்று இருக்கிறதே, அது நிறையத்தானே?

எதில் 10% என்று பாருங்கள். ஆர்ஜிரலின் கச்சாப்பொருளாகக் கரைசல் வடிவில் விற்கப்படுகிறது. வழக்கமான கரைசலில் பெப்டைடு 0.05% தான். அந்தக் கரைசலை 10% சேர்த்தால் சீரத்தில் உள்ள பெப்டைடு 0.005%. முப்பது மில்லி பாட்டிலில் 1.5 மில்லிகிராம். அது போதாது என்று சொல்ல வரவில்லை, பெப்டைடு சிறு அளவிலும் வேலை செய்யும் பொருள்தான். ஆனால் 10% என்ற எண்ணுக்குக் காசு கொடுக்கிறோம் என்றால், கொடுப்பது தண்ணீருக்கு.

வாங்கிவிட்டேன். எப்படிப் பூசினால் வீணாகாது?

கழுவிய முகத்தில், மாய்ஸ்சரைசருக்கு முன்னால். முதலில் முழங்கை மடிப்பில் ஐந்து நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். காப்பர் பெப்டைடையும் வைட்டமின் சி சீரத்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள். செம்பு வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கும். வைட்டமின் சி சீரத்தின் கடும் அமிலத்தன்மை செம்பைப் பெப்டைடிலிருந்து கழற்றும். இரண்டும் நஷ்டம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

சித்திரை மாதம் வண்டியின் டிக்கியிலோ மொட்டைமாடி அறை ஜன்னலோரத்திலோ கிடக்கும் சீரத்தை நம்ப வேண்டாம். பிரிட்ஜின் கதவுத்தட்டு போதும். நிறம் மாறினாலோ வாடை மாறினாலோ தூக்கிப் போடுங்கள்.

பலன் பார்க்கக் கண்ணாடி உதவாது. அதே ஜன்னல், அதே நேரம், அதே போன், பிளாஷ் இல்லாமல், முகம் கழுவிப் பத்து நிமிடம் கழித்து ஒரு படம். 12 வாரம் கழித்து இன்னொன்று. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இரண்டு படத்தையும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தால், பார்த்தது மாய்ஸ்சரைசரின் வேலையாகவே இருக்கலாம்.

பார்லரில் டெர்மாரோலர் (நுண்ணூசிகள் பதித்த உருளை) உருட்டி அதன்மேல் சீரம் போடுகிறார்கள். தோல் தடை நீங்கிவிடுகிறதே?

நீங்குகிறது, சிக்கலும் அங்கேதான். சீரம் கிருமி நீக்கிய ஊசி மருந்து இல்லை. மேல்தோலோடு நிற்கும் என்று நம்பித் தயாரித்தது. அதிலுள்ள வாசனைப் பொருளும் பதப்படுத்தியும் துளை வழியே உட்தோலுக்குப் போனால் உடம்பு அன்னியப் பொருள் என்று எதிர்க்கும். ஊசித்துளை வழியே சீரம் போன முகங்களில் கட்டிகட்டியாக கிரானுலோமா வந்தது 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ரோலரை ஒருவர் மாற்றி ஒருவருக்கு டெட்டாலில் முக்கி உருட்டும் இடம் என்றால் ரத்தவழி தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

கொலாஜன் பொடி குடித்தால் முகத்துக்குப் போகுமா?

வயிற்றில் போன கொலாஜன் முதலில் உடைகிறது. அமினோ அமிலங்களும் சில இரட்டை, மூன்றுத் துண்டுகளும் ரத்தத்துக்குப் போகின்றன. அந்தத் துண்டுகள் தோல் செல்லைத் தூண்டலாம் என்பது கருதுகோள். நாளுக்கு 2.5 முதல் 10 கிராம், 8 முதல் 12 வாரம் கொடுத்த சோதனைகள் நிறைய உண்டு, பல நல்ல முடிவையே காட்டின. 2025இல் 23 சோதனைகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடியிருந்தன. நிறுவனப் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் காணாமல் போனது. தரமான சோதனைகளை மட்டும் எடுத்தாலும் அதேதான்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: கொலாஜன் மாட்டுத்தோல், மீன்தோல், செதில், பன்றித்தோல் இவற்றிலிருந்தே வருகிறது. லேபிளில் "மரைன்" என்றால் மீன். "வீகன் கொலாஜன்" என்ற பெயரில் வருவதில் பெரும்பாலும் வைட்டமின் சி-யும் அமினோ அமிலங்களும்தான். அதில் கொலாஜன் இல்லை.

அதற்கு ஆட்டுக்கால் பாயாவே குடித்துவிடலாமா?

ருசிக்குக் குடியுங்கள். எலும்பும் ஜவ்வும் கொதித்து இறங்கும் ஜெலட்டின், கொலாஜனின் பிள்ளைதான். ஆறவைத்த பாயா அல்வா மாதிரி உறைவது அதனால்தான். ஒரு கிண்ணத்தில் எத்தனை கிராம் என்பது கால் எத்தனை, நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது, ஆகவே சோதனை அளவோடு ஒப்பிட வழியில்லை. கொலாஜனில் டிரிப்டோபேன் என்ற அவசிய அமினோ அமிலம் கிடையாது, அதனால் முட்டை, பருப்பு, மீனுக்கு மாற்றாக அதைக் கணக்கில் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிண்ணத்தின் உப்பையும் கணக்கில் வையுங்கள். உடம்பு சொந்தமாகக் கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும். பெரிய நெல்லிக்காய் அதைத் தரும்.

கல்யாணத்துக்கு முன்னால் குளுட்டாதயோன் ஊசி போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். இதுவும் மூன்று அமினோ அமிலப் பெப்டைடுதான், இளமைக்கும் நிறத்துக்கும் சேர்த்து விற்கிறார்கள். நரம்பு வழி ஊசியால் நிறம் நிலையாக மாறும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பிலிப்பைன்ஸ் மருந்துத்துறை இதே பயன்பாட்டுக்கு எதிராகப் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது: தோல் உரியும் கடும் ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகப் பாதிப்பு. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால் எடுக்கும் ரிஸ்க் அல்ல இது.

பி.பி.சி-157 பற்றி ஜிம்மில் எல்லோரும் பேசுகிறார்கள்.

இதில்தான் பேச்சுக்கும் ஆதாரத்துக்கும் இடைவெளி மிக அதிகம். காயம் ஆற்றும் என்று விற்கப்படும், 15 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு. குரோஷியாவின் சாக்ரெப் நகரில் பிரெட்ராக் சிகிரிச் குழு பல பத்தாண்டாக எலிகளில் ஆராய்கிறது. அறுந்த தசைநாண், புண், குடல் எல்லாவற்றிலும் நல்ல முடிவு. மனிதரில்? கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் முழங்கால் ஊசி போட்டவர்களைப் பின்னோக்கிப் பார்த்த சிறு ஆய்வு ஒன்று, சிறுநீர்ப்பை வலியுள்ள 12 பேர், நரம்பில் செலுத்திப் பாதுகாப்பு பார்த்த 2 பேர். 2015இல் 42 ஆரோக்கியமானவர்களுக்கென்று பதிவான முதல்கட்டச் சோதனையின் முடிவு வெளிவரவே இல்லை. ஒரு மருந்தின் முடிவைப் பத்தாண்டாக யாரும் வெளியிடவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

எலியில் புது ரத்தக்குழாய் வளரத் தூண்டுவதுதான் இதன் சிறப்பு என்கிறார்கள். கண்டறியாத கட்டி ஒன்று உடம்பில் இருந்தால் அதற்கும் வேண்டியது அதே ரத்தக்குழாய்தான். புற்று வரும் என்று நிரூபணமில்லை. வராது என்று பார்த்தவரும் இல்லை. அமெரிக்க மருந்துத்துறை 2023இல் இதை, மருந்தகங்கள் கலந்து தயாரிக்கும் பொருட்களில் பாதுகாப்புக் கவலையுள்ளவற்றின் வரிசையில் வைத்தது. இதோடு ஜோடியாக விற்கும் டி.பி-500 என்ற பெப்டைடுக்கும் நிலைமை மேலானதில்லை.

வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் ஊசிகள் வயதைக் குறைக்கும் என்கிறார்களே?

இந்தக் கதை 1990இல் தொடங்கியது. 60 வயது தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி; கொழுப்பு அல்லாத உடல் எடை 8.8% கூடியது, கொழுப்பு 14.4% குறைந்தது. இன்றுவரை விளம்பரங்கள் காட்டுவது அதைத்தான். பிறகு வந்த சோதனைகளைத் தொகுத்த 2007 ஆய்வு, கூடுவது சுமார் 2 கிலோ என்றும், கூடவே கை கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் வருகின்றன என்றும் சொன்னது. எடை கூடினால் பலம் கூடியதாகாது. கூடியதில் ஒரு பங்கு தண்ணீராகவும் இருக்கலாம்.

சி.ஜே.சி-1295, இபாமோரெலின் ஆகியவை பிட்யூட்டரியைத் தூண்டி அதே ஹார்மோனை வரவழைப்பவை. கூடவே விற்கும் எம்.கே-677 பெப்டைடே அல்ல, வாய்வழி வேதிப்பொருள். அதற்கு இரண்டாண்டுச் சோதனை உண்டு: 65 முதியவர்கள். தசை எடை கூடியது, பலம் கூடவில்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் நடந்த இன்னொரு சோதனை, இதயச் செயலிழப்பு அறிகுறி தென்பட்டதால் பாதியில் நின்றது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு முரண்: வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத ஏம்ஸ் குள்ள எலிகள் மற்ற எலிகளைவிட அதிக நாள் வாழ்கின்றன. அந்த ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத லாரன் நோய்க்காரர்களிடம் புற்றுநோய் அரிது என்று ஈக்வடாரில் கண்டார்கள். ஆயுளை நீட்ட அந்த ஹார்மோனை ஏற்றுவது எந்தக் கணக்கில் சேரும்?

எபிடாலான் டெலோமியரை (செல் பிரியப் பிரியக் குறையும் குரோமோசோம் நுனியை) நீட்டும் என்கிறார்களே?

ரஷ்யாவின் விளாடிமிர் காவின்சன் குழு தந்த நான்கு அமினோ அமிலப் பெப்டைடு. 2003இல் தட்டில் வளர்த்த மனித செல்லில் அந்த நுனியை நீட்டும் டெலோமெரேஸ் நொதியைத் தூண்டியதாகக் காட்டினார்கள். மனிதரில் வேறு குழுக்கள் பெரிய சோதனை செய்து உறுதிப்படுத்தவில்லை. பெரும்பாலான புற்று செல்களும் சாகாமல் இருக்க டெலோமெரேஸைத்தான் நம்பியிருக்கின்றன.

குப்பியோடு 99% சுத்தம் என்று சர்டிபிகேட் தருகிறார்களே?

அது பெரும்பாலும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. குப்பியில் உள்ள பெப்டைடு வகைகளில் எத்தனை சதவீதம் சரியான பெப்டைடு என்பதை அது சொல்லும். சொல்லாதவை: தூளில் உப்பும் ஈரமும் போக நிஜப் பெப்டைடு எவ்வளவு, கிருமி உண்டா, பாக்டீரியா செத்து விட்டுப்போன எண்டோடாக்சின் உண்டா. எண்டோடாக்சினுக்கு வேறு பரிசோதனை வேண்டும். ஊசி போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர்நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு வரவைப்பது அதுதான். சர்டிபிகேட்டின் பேட்ச் எண்ணும் குப்பியின் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல குப்பிகளில் பேட்ச் எண்ணே இருக்காது.

"ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியை விற்பவர் தன் பாதுகாப்புக்குப் போட்டிருக்கிறார், உங்கள் பாதுகாப்புக்கு அல்ல. இந்தியாவில் மருந்து என்றால் லேபிளில் உற்பத்தி உரிம எண், பேட்ச், காலாவதி தேதி இருக்க வேண்டும், கையில் பில் வேண்டும். 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் ஆயுள்நீட்டிப்பு மாநாடு ஒன்றில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரு பெண்கள் கவலைக்கிடமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அளவில் என்ன தவறு நடக்கிறது?

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று. அமெரிக்க வீடியோவில் "10 யூனிட் இழு" என்கிறார்கள். அவர்கள் ஊசி யு-100: 100 யூனிட் ஒரு மில்லி, ஆகவே 10 யூனிட் என்றால் 0.1 மில்லி. நம் மருந்துக்கடையில் இன்சுலின் ஊசி கேட்டால் சிவப்பு மூடி யு-40 கைக்கு வருவது சாதாரணம். அதில் 40 யூனிட்தான் ஒரு மில்லி. அங்கே 10 யூனிட் என்றால் 0.25 மில்லி. 5 மில்லிகிராம் தூளை 2 மில்லியில் கரைத்திருந்தால், 250 மைக்ரோகிராம் என்று நினைத்து 625 உள்ளே போகிறது. இரண்டரை மடங்கு. யு-100க்கு மூடி ஆரஞ்சு. கரைக்கும் நீரைச் சாதாரண ஊசித் தண்ணீராக வாங்கி, பதப்படுத்தி இல்லாத அதே குப்பியில் மூன்று வாரம் குத்திக் குத்தி எடுப்பது அடுத்த தவறு. கரைத்த குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மதியம் கரண்ட் போனால் பிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று யாரும் பார்ப்பதில்லை. இவற்றைச் சொல்வது சரியாகப் போட்டுக்கொள்ள அல்ல. சரியாகப் போட்டாலும் பலனுக்கு ஆதாரமில்லை என்பது மேலே உள்ளது.

ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

நிறுத்துங்கள். உதடு, நாக்கு வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் 108. போட்ட இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவர். குப்பியைக் கையோடு கொண்டுபோங்கள், மறைக்காதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் வகை என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ஐ.ஜி.எப்-1 (வளர்ச்சி ஹார்மோன் ஏறினால் கூடவே ஏறுவது) பாருங்கள். பக்கவிளைவை மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

கபடி விளையாடுகிறேன். காயத்துக்காக மட்டும்...

பி.பி.சி-157 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் பெயரோடு இருக்கிறது. டி.பி-500ம் வளர்ச்சி ஹார்மோன் தூண்டிகளும் அப்படியே. "காயத்துக்குத்தான்" என்பது விசாரணையில் எடுபடாது.

அப்படியானால் வயதுக்கு நல்ல ஆதாரமுள்ள பெப்டைடே இல்லையா?

வேடிக்கை என்னவென்றால், பெரிய ஆதாரம் உள்ளவற்றை யாரும் இளமை ஊசி என்று உருவாக்கவில்லை. செமாகுளுடைடை 17,604 பேரிடம் சோதித்த 2023 ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 20% குறைந்தன. அவர்கள் இதயநோயும் அதிக எடையும் உள்ளவர்கள். ஒல்லியான ஒருவர் முகப் பொலிவுக்குப் போட்டுக்கொண்டால் கன்னம் ஒட்டிப்போய் வயது கூடித் தெரியும். எலாமிபிரெடைடு "மைட்டோகாண்டிரியா இளமை" என்று பேசப்பட்டது. 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது பார்த் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாட்டுக்கு மட்டும்.

சீரத்துக்கு வைத்த காசில் வேறு என்ன செய்யலாம்?

சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு பார்த்த சோதனையில், தினமும் பூசியவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24% குறைவு. எந்தப் பெப்டைடு சீரத்துக்கும் இப்படி ஒரு சோதனை கிடையாது. முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்குங்கள். பட்டாணி அளவு பூசினால் பாட்டிலில் போட்ட எஸ்.பி.எப். எண்ணுக்கான பாதுகாப்பு கிடைக்காது. மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகையைக் கேளுங்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கு கூடச் செய்யும்.

அடுத்தது ட்ரெட்டினாயின் 0.025%, மருத்துவர் சீட்டோடு. வெயிலால் மூத்த தோலுக்கு 1980களிலிருந்து ஆதாரமுள்ள மருந்து. இரவில் பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் உரியும், பயப்பட வேண்டாம், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. மெடிக்கலில் இதைக் கேட்டால் மூன்று மருந்து கலந்த வெளுக்கும் கிரீமை நீட்டுவதுண்டு. அதில் ஹைட்ரோகுயினோனும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும். அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிட்டே தொடங்கலாம்.

மிச்சமிருக்கும் குப்பியையும் ஊசியையும் என்ன செய்வது?

மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள், பிரிப்பவர் கையில் குத்தும். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசி கீழே பார்க்கப் போட்டு, மூடி ஒட்டி, பக்கத்து மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ மருத்துவக் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். குப்பி உடையாமல் அதோடு போகட்டும். மீதியை நண்பருக்குக் கொடுக்க வேண்டாம்.